தீபாவளி கழிந்து கொடுத்த கடிதம்: படிப்பைப் பாதியில் விட்ட ஒரு மாணவரின் கட்டணம், கடன், சான்றிதழ்

எதற்காக இந்தப் பதிவு

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி விண்ணப்பம், கல்விக் கடன், உதவித்தொகை இவற்றுக்கு வழிகாட்டி வருகிறோம். கீழே கூடலூர், உத்தமபாளையம் பக்கமிருந்தும், மலைமேல் கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பெரும்பாலும் கல்லூரியில் சேருவதைப் பற்றிக் கேட்கத்தான் வருவார்கள். விலகுவதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் குறைவு, அவர்களும் நாள் கடந்த பிறகுதான் வருகிறார்கள்.

இங்கே எழுதியிருப்பது 2024–25 கல்வியாண்டில் எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் நிலைமை. அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறோம். கல்லூரி, வங்கி, ஊர் எதையும் அடையாளம் காட்டவில்லை. தொகைகளைப் படிக்க வசதியாக முழுத் தொகையாக்கியிருக்கிறோம்.

பின்னணி

மாணவரின் அப்பாவும் அம்மாவும் பீர்மேடு வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளர்கள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். மூன்று தலைமுறைக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குடும்பம். குடியிருப்பது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், அதாவது லயத்தில். வேலை இருக்கும் வரைதான் லயம், ஓய்வு பெற்றால் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டையொட்டி பீர்மேடு பக்கம் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பது அந்தப் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையன் எப்படியாவது ஒரு டிகிரி முடித்துத் தோட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த பிடிவாதத்தை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

பையன் பத்தாம் வகுப்பு வரை கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூவில் கணிதம் இருந்தது, சுமாரான மதிப்பெண். 2024 ஜூனில் ஒரு அட்மிஷன் ஏஜென்ட் லயத்துக்கே வந்தார். கோவைப் பக்கம் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ், முடித்ததும் வேலை உறுதி என்றார். "தமிழ்ப் பிள்ளைதானே, தமிழ்நாட்டு ஸ்காலர்ஷிப் எல்லாம் வரும்" என்றும் சொல்லியிருக்கிறார். சீட்டை உறுதி செய்ய என்று 10,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கொடுக்கவில்லை.

அந்த ஸ்காலர்ஷிப் பேச்சு உண்மையில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் படித்தவருக்கு அது கிடையாது. அதே ஹாஸ்டலில், அதே அறையில் இருந்த தேனி மாவட்டத்துப் பையனுக்குப் பணம் வந்தது, இவருக்கு வரவில்லை. கேரளத்துப் பக்கமும் வழி அடைபட்டிருந்தது. உதவித்தொகைக்கு வேண்டிய பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950-க்கு முன்பே குடும்பம் கேரள எல்லைக்குள் குடியிருந்ததற்கு ஆவணம் கேட்டார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்துபோன தாத்தாவுக்கு எந்தக் காகிதமும் இல்லை. தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். இரண்டு மாநிலமும் கைவிட்ட இடத்தில் மிஞ்சியது வங்கிக் கடன் மட்டும்.

கடன் 3,60,000 ரூபாய்க்கு அனுமதியானது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம் என்பதால் எளிதாகவே கிடைத்தது. அப்பா இணைக் கடன்தாரர். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்பதால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கும் பதிந்திருந்தார்கள். முதல் ஆண்டுக்கு 1,40,000 ரூபாயை வங்கி ஆகஸ்டில் நேராகக் கல்லூரிக்கு அனுப்பியது. அதில் கல்விக் கட்டணம் 68,000, ஹாஸ்டல் வாடகை 22,000, பத்து மாத மெஸ் முன்பணம் 50,000. காப்புத்தொகை 5,000 ரூபாயை அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினார்.

என்ன நடந்தது: ஜூலை முதல் அக்டோபர் வரை

வகுப்பு ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பையனின் கணித நோட்டைப் பின்னால் எங்களிடம் கொண்டுவந்தார். நடந்ததை அந்த நோட்டே சொல்லிவிடும். முதல் இருபது பக்கமும் அழகான கையெழுத்து. ஆங்கில வரையறைகளை அப்படியே எழுதி, ஒவ்வொரு புதுச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்திருந்தார்: 'இன்ஜெக்டிவ்', 'கார்டினாலிட்டி', 'ஈக்விவலன்ஸ்'. ஆகஸ்ட் நடுவில் பென்சில் குறிப்புகள் நின்றுபோகின்றன. அப்புறம் தேதி மட்டும் போட்ட பக்கங்கள். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் முதல் இன்டர்னல் தேர்வு. ஐந்து பாடத்தில் மூன்றில் ஒற்றை இலக்க மதிப்பெண். வீட்டில் சொல்லவில்லை. செப்டம்பர் நடுவில் ஓணத்துக்கு வந்தபோது அம்மாவிடம் மட்டும் "புரியலம்மா" என்று சொல்லியிருக்கிறார். போகப் போகச் சரியாகிவிடும் என்று அம்மா அனுப்பிவைத்தார். அக்டோபர் 10 அன்று ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

இதற்குப் பிறகான மூன்று வாரங்கள்தான் இந்தக் குடும்பத்துக்கு அதிகச் செலவு வைத்தவை. பையன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா அவரிடம் பேசவில்லை. பக்கத்து லயத்தில் கேட்டவர்களுக்கு "லீவு" என்று பதில் சொன்னார்கள். அக்டோபர் 23 அன்று பையன் வகுப்பு ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: "சார், நான் இனி காலேஜுக்கு வரல. டி.சி. வேணும்." ஆசிரியர் அன்றே பதில் போட்டார்: "ஓகே, பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா." பெற்றோருக்கு அந்தச் செய்தியே தெரியாது. தெரிந்தபோது அப்பா சொன்னது, "தீபாவளி கழியட்டும், போய்ப் பேசிக்கலாம்."

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை.

அந்தத் தேதிக்கு என்ன முக்கியத்துவம்

2024–25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த கட்டணத் திருப்பல் கொள்கைப்படி, செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்பத் தர வேண்டும். அக்டோபர் 31-க்குள் என்றால் செயலாக்கக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அதன் பிறகு 2018 அக்டோபரில் வந்த பழைய அறிவிப்பின் கணக்குக்குப் போக வேண்டியிருக்கும். அது, சேர்க்கைக்கு முறையாக அறிவிக்கப்பட்ட கடைசி நாளை வைத்து எண்ணுவது. கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை, செயலாக்கக் கட்டணமாக ஐந்து சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம். அந்தப் பதினைந்து நாளுக்குள் வந்துவிட்டால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டிப் பதினைந்து நாள் வரை 80, அதற்கு மேல் முப்பது நாள் வரை 50. முப்பது நாள் தாண்டினால் கட்டணத்தில் ஒன்றும் இல்லை. காப்புத்தொகையை மட்டும் எப்போது விலகினாலும் முழுதாகத் தந்தாக வேண்டும்.

இந்தக் கல்லூரியில் சேர்க்கையின் கடைசி நாள் ஆகஸ்டோடு முடிந்திருந்தது. ஆக அக்டோபர் 31 வரை, கல்விக் கட்டணத்தில் 1,000 போக 67,000 ரூபாய்க்கு உரிமை இருந்தது, நவம்பர் 1 அன்று அந்த உரிமை இல்லை. நடுவில் 80, 50 என்ற படிகள் எதுவும் இவருக்குக் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பருவத் தேர்வு நவம்பரில்தான் வருகிறது. பணம் திரும்பக் கிடைக்கும் நாள் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தன்னால் இந்தப் படிப்பு முடியுமா என்று மாணவர் தெரிந்துகொள்ள முதல் இன்டர்னல் தேர்வைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. செப்டம்பர் மாதத்தில் வீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பேசாவிட்டால், அப்புறம் பேசுவதற்குப் பணத்தளவில் பயன் குறைவு. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது ஒருவருக்கும் தெரியாது. கல்லூரிகள் சேர்க்கை நாளில் இதைச் சொல்வதுமில்லை.

எங்களிடம் வந்தபோது

நவம்பர் முதல் வாரத்தில் அப்பா வந்தார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் கல்லூரி ரசீதுகளையும் வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் வைத்திருந்தார். அவர் அதற்கு முன் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டதில், சீட் மூன்று வருஷம் காலியாக நிற்கும், மீதி இரண்டு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்டைக் கேட்டதற்கு, "பையனுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுங்க, எல்லாம் முடிஞ்சுரும்" என்றார்.

அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: "பையனை மறுபடி அனுப்பணுமா, பணத்தைப் போட்டது போட்டதுன்னு விட்டுறணுமா?"

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பையனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினோம். படிப்பே வேண்டாமா, இந்தப் படிப்பு வேண்டாமா, ஹாஸ்டலில் ஏதாவது தொந்தரவா என்று பிரித்துக் கேட்டோம். ராகிங் போன்ற ஒன்று இருந்தால் பேச்சின் திசையே வேறு. அப்படி எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் கணிதம் தலைக்கு ஏறவில்லை, எலக்ட்ரிக்கல் வேலை பிடிக்கும் என்றார். ஃபேக்டரியில் அப்பாவோடு போய் மோட்டார் கழற்றி மாட்டிய அனுபவத்தைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அதே கல்லூரியில் பி.காம். மாறுவதற்கு இடம் இருந்தது, அதையும் சொன்னோம். வேண்டாம் என்றார். மனம் ஒப்பாத இன்னொரு படிப்புக்காக மேலும் இரண்டு லட்சம் கடன் ஏறுவதைவிட இப்போதே நிறுத்துவது நல்லது என்று நாங்களும் நினைத்தோம்.

அடுத்தது பருவத் தேர்வு. எழுதிவிட்டு விலகலாமா என்று யோசித்தோம். தேர்ச்சி பெறும் பாடங்களின் கிரெடிட் கணக்கில் சேர்ந்தால் பிறகு உதவலாம். ஆனால் அக்டோபர் 10-இலிருந்து வகுப்புக்குப் போகாததால் வருகைப் பதிவு போதவில்லை, ஹால் டிக்கெட் கிடைப்பதே சந்தேகம். விலகுவதாக முடிவு செய்த பின் அதை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மெஸ் பணமும் கரையும். எனவே விட்டுவிட்டோம்.

டாக்டர் சர்டிபிகேட் யோசனையை மறுத்தோம். வட்டி மானியத் திட்டத்தில், படிப்பை நடுவில் நிறுத்தியவர்களுக்கு மானியம் கிடையாது, உரிய ஆவணத்தோடு கூடிய மருத்துவக் காரணம் மட்டும் விதிவிலக்கு. ஏஜென்ட் அந்த ஓட்டையைத்தான் காட்டினார். பொய்ச் சான்று கொடுத்தால் மாட்டுவது அவரல்ல, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அப்பாவும் பையனும். உண்மையாகவே உடல்நிலையோ மனநிலையோ காரணமாக இருந்தால் அதை மறைக்காமல் ஆவணத்தோடு கொடுக்க வேண்டும், அது வேறு. பையனை அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் ஒரு தடவை அழைத்துப் போகச் சொன்னோம். பேசியது அவருக்கு நல்லதாக இருந்தது. படிப்பை நிறுத்தும் அளவுக்கு நோய் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் அப்படி எழுதி வாங்க முயலவில்லை.

பிறகு கடிதம். நவம்பர் 6 அன்று, பையனும் அப்பாவும் கையெழுத்திட்டு, முதல்வருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று, கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு ஒன்று. அதில் நாங்கள் அழுத்திச் சொன்ன செய்தி இது: விலகும் முடிவையும் டி.சி. கோரிக்கையையும் அக்டோபர் 23 அன்றே எழுத்தில் தெரிவித்தாயிற்று, வகுப்பு ஆசிரியரும் அன்றே பதில் தந்திருக்கிறார், எனவே அந்த நாளையே விலகிய நாளாகக் கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி பிரின்ட் எடுத்து இணைத்தோம். இது முழுவதும் நிற்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. மாணவர் ஒரு ஆசிரியருக்கு அனுப்பிய செய்தி வேறு, முதல்வருக்குக் கொடுத்த விண்ணப்பம் வேறு என்று கல்லூரி சொல்ல இடமுண்டு. ஆனாலும் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

மீதி இரண்டு ஆண்டுக் கட்டணம் என்ற பேச்சுக்கு வேறு வழி எடுத்தோம். அதே கடிதத்தில், "மீதி ஆண்டுகளுக்கான கட்டணம் கேட்பதாகத் தொலைபேசியில் கூறப்பட்டது. எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்" என்று ஒரு பத்தி சேர்த்தோம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்திருக்கக் கூடாது என்பதும் 2018 அறிவிப்பிலேயே இருக்கிறது. அதையும் எடுத்துக் காட்டினோம்.

வங்கிக்கும் அன்றே எழுதினோம். அப்பா இதற்குத் தயங்கினார், வங்கிக்குத் தெரிந்தால் உடனே மொத்தப் பணத்தையும் கேட்பார்கள் என்ற பயம். மறைத்தால் இரண்டாம் ஆண்டுப் பணமும் கல்லூரிக்குப் போய்விடும் அபாயம் உண்டு. கல்லூரி திருப்பித் தரும் தொகை எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் வங்கிதான் எழுதித் தர வேண்டும்.

பின் நடந்தவை

பதிவுத் தபால் போய்ச் சேர்ந்த மறுவாரமே அலுவலகத்தின் பேச்சு மாறியது. மீதி ஆண்டுக் கட்டணம் பற்றி எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை, வாயாலும் அப்புறம் யாரும் கேட்கவில்லை. டி.சி.யும் அசல் சான்றிதழ்களும் நவம்பர் 20-க்குள் கைக்கு வந்தன. கட்டணம் மட்டும் முடியாது என்றார்கள்.

நவம்பர் கடைசியில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு விண்ணப்பித்தோம். 2023-ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும், பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தியில்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதிந்தோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார். கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 67,000 ரூபாய்க்காகத் தோட்டத்து வேலைநாளை இழந்து வாய்தாவுக்கு அலைய வேண்டாம் என்றோம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் குழு அழைத்தது. அப்பாவும் பையனும் போனார்கள், எங்களில் ஒருவர் உடன் போனார். வகுப்பு ஆசிரியர் நேர்மையாக இருந்தார். செய்தி வந்தது உண்மை, துறைத் தலைவரிடம் அன்றே சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். பெற்றோர் கையெழுத்துள்ள விண்ணப்பம் நவம்பரில்தான் வந்தது என்ற நிலையைக் கல்லூரி விடவில்லை. கடைசியில் கல்விக் கட்டணத்தில் பாதி, 34,000 ரூபாய் தருவதாகக் குழு எழுதிக்கொடுத்தது. மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் மேலும் கிடைத்திருக்குமா என்று எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அப்பா போதும் என்றார். அவர் பட்ட அலைச்சலைப் பார்த்தபோது அது நியாயமான முடிவாகவே பட்டது.

மெஸ் பணம் வந்த விதம் வேறு. ஹாஸ்டல் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் மீதி மாத மெஸ் தொகை திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது. ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதம், முன்னறிவிப்புக்கு ஒரு மாதம் போக ஐந்து மாதத் தொகை 25,000 வந்தது. ஹாஸ்டல் வாடகை ஆண்டு முழுமைக்கானது என்று அதே தாளில் இருந்ததால் 22,000 போனது போனதுதான். காப்புத்தொகை 5,000 முழுதாக வந்தது, கம்மல் மீண்டது.

2025 ஜனவரியில் 59,000 ரூபாய் கல்லூரியிலிருந்து நேராகக் கடன் கணக்குக்குப் போனது. கையில் வரும், வேறு செலவுக்கு ஆகும் என்று அம்மா நினைத்திருந்தார். கடனாகப் போன பணம் கடன் கணக்குக்குத்தான் திரும்ப வரும் என்பதை முதல் நாளே அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அப்பா மூலமாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அசலில் மீதி 81,000. வட்டி மானியம் இல்லாமல் போனதால் ஆகஸ்டிலிருந்து ஏறிய வட்டி ஏறக்குறைய 7,000 சேர்ந்து 88,000. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்ற சலுகையும் படிப்பு நின்றதோடு முடிந்தது. மேலாளர் ஐந்தாண்டுத் தவணையாகப் போட்டுக் கொடுத்தார், மாதம் 1,900 ரூபாய் அளவில். தவணை தவறினால் பையனின் பெயரிலும் அப்பாவின் பெயரிலும் கடன் வரலாற்றில் பதிவாகும். நாளைக்குத் தங்கையின் படிப்புக்கு இதே அப்பாதான் இணைக் கடன்தாரராக நிற்க வேண்டும் என்பதால் இதை இருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

கடிதம் செப்டம்பருக்குள் போயிருந்தால் கல்விக் கட்டணம் 68,000, ஆறு மாத மெஸ் 30,000 என 98,000 திரும்பி வந்து அசலில் 42,000 மட்டும் நின்றிருக்கும். தீபாவளிக்குள் போயிருந்தால்கூட 48,000. நடந்தது 81,000. தீபாவளி கழியட்டும் என்று காத்திருந்ததன் விலை 33,000 ரூபாய். வாட்ஸ்அப் செய்தியும் இல்லாதிருந்தால் அது 67,000 ஆகியிருக்கும்.

ஏஜென்டிடம் போன 10,000 வரவில்லை. ரசீது இல்லாததால் எங்களால் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பையன் டிசம்பரிலிருந்து ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். தவணையை அவரே கட்டினார். 2025-இல் இடுக்கி மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தார், இரண்டு ஆண்டுப் படிப்பு. சேர்க்கைக்கு அவர்கள் முதலில் கேட்டது டி.சி.யைத்தான். படிக்கும்போது தவணை கட்ட முடியாததால் அதில் பெரும்பகுதியை இப்போது அப்பா கட்டுகிறார், விடுமுறை நாளில் பையன் ஸ்டோருக்குப் போய்க் கொஞ்சம் சேர்க்கிறார்.

இனி எப்படிச் செய்கிறோம்

எங்கள் மூலமாகக் கல்லூரியில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் போன் செய்கிறோம். இன்டர்னல் மதிப்பெண் என்ன, பிள்ளை சாப்பிடுகிறதா, வகுப்பு புரிகிறதா என்று கேட்கிறோம், முடிந்தவரை பிள்ளையிடமே. கட்டணத் திருப்பல் நாட்களை மானியக் குழு அவ்வப்போது மாற்றி அறிவிக்கிறது. 2022–23-இல் முழுத் தொகைக்கு அக்டோபர் 31 வரையும், 1,000 ரூபாய் பிடித்தத்துக்கு டிசம்பர் 31 வரையும் இடம் இருந்தது. அதனால் போன வருஷ நாளை நம்பாமல், அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துத் தமிழில் ஒரு தாளில் எழுதி, சேர்க்கை நாளிலேயே பெற்றோர் கையில் கொடுக்கிறோம். பொறியியல், மருத்துவம், நர்சிங் போன்றவற்றுக்கு விதி வேறு, அதைத் தனித்தாளாக வைத்திருக்கிறோம்.

படிப்பை நிறுத்துவதாக ஒரு பிள்ளை வாயெடுத்தால் முதல் வேலை, முதல்வர் பெயருக்கு ஒரு கடிதமும் மின்னஞ்சலும். மனம் மாறினால் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறக் கல்லூரி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் சீட் காலியாவதில் அவர்களுக்கும் விருப்பமில்லை. கடிதம் கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்த நாட்களை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியாது. பெற்றோர் போக வேண்டியதில்லை, வெட்கப்பட்டு யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை, தபால் போதும் என்று சொன்னதும் பல அப்பாக்களின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறோம்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் முன்கூட்டியே சொல்கிறோம்: கேரளத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் எது வரும், எது வராது, கேரளத்துச் சலுகைக்கு என்ன சான்று வேண்டும். சேருமுன் இந்தக் கணக்கைப் போட்டால் சில குடும்பங்கள் ஐ.டி.ஐ.க்கோ பக்கத்து அரசுக் கல்லூரிக்கோ முதலிலேயே போகின்றன. இந்தப் பையனின் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறார். அவருக்காக 1950-க்கு முந்தைய ஆவணம் ஏதாவது தோட்ட அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று தகவல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

கல்லூரிகளிடம் நாங்கள் கேட்பது ஒன்று. கட்டண ரசீதின் கீழேயே, எந்த நாளுக்குள் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று இரண்டு வரி தமிழில் அச்சிடுங்கள். பெற்றோர் பத்திரமாக வைத்திருக்கும் காகிதம் அது ஒன்றுதான்.